ஒரே உயரக் கட்டைகள்

ஒன்றரை வருஷமாக எனக்கும் அக்காவுக்கும் ஒரே சண்டை. ஆஸ்பத்திரியில் சிபாரிசு பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்பாள் அவள். கம்ப்யூட்டருக்குச் சிபாரிசு தெரியாது என்பேன் நான். அவளும் விடமாட்டாள், நானும் விடமாட்டேன். எங்கள் குடும்பத்தில் கோபத்துக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

அக்கா தையற்காரி. கடைத்தெருவில் பத்தொன்பது வருஷம் தனியாகக் கடை நடத்தியவள். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, கடையின் மூன்று படிகளை ஏற முடியாமல் போனதும் மெஷினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்னறையில் ஜன்னலோரமாக அவள் மெஷின், சாப்பாட்டு மேஜையில் என் கம்ப்யூட்டர். பத்து நிமிஷம் தைப்பாள். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்காருவாள். பக்கத்தில் ஒருத்தி இப்படி வலியை விழுங்கிக்கொண்டிருக்கும்போது வேலை செய்வது எப்படி? நான் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

மூட்டை மாற்றும் ஆபரேஷனுக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருந்தோம். டோக்கன் நானூற்றுப் பதினெட்டு. பதியும்போது டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் போடுவார். எண் பெரிதானால் அவசரம் அதிகம். எழுந்து நடமாட முடிகிறவரை ஏழுக்கு மேல் கிடையாது, படுத்த படுக்கையானால்தான் எட்டு. அக்காவுக்கு ஏழு. திங்கட்கிழமைதோறும் பட்டியலின் தலையில் இருக்கிற பன்னிரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “ஆறு வாரத்துக்குள்ள பண்ணிட்டா நல்லது. மூட்டுக் கிண்ணம் உடைஞ்சிடுச்சுன்னா கால் குட்டையாயிடும். அப்புறம் என்ன பண்ணாலும் பழைய நடை வராது” என்றார். அப்படியானால் எட்டு போடுங்கள் என்றேன். “நடந்துதானே வந்திருக்காங்க” என்றார். நடந்து வந்தது எங்கள் குற்றம்.

என் தொழில் கட்டைகளை நகர்த்துவது. கம்ப்யூட்டர் ஒரு வேலையை எந்தெந்தப் படிகளில் செய்கிறது என்பதற்கு அல்காரிதம் என்று பெயர். அது கண்ணுக்குத் தெரியாது. நான் அதை அனிமேஷனாகச் செய்து கண்ணுக்குக் காட்டுகிறேன். திரையில் எட்டுக் கட்டைகள் தாறுமாறாக நிற்கும். ஒன்று கிளம்பி, எதிரில் இருப்பதோடு தன்னை அளந்து பார்க்கும், தாண்டும், தன் இடம் வந்ததும் டக்கென்று நிற்கும். மூன்று நிமிஷத்தில் எல்லாம் உயர வரிசைக்கு வந்துவிடும். நாற்பது பக்கம் படித்தும் மண்டையில் ஏறாதது உங்கள் டக்கில் ஏறிவிட்டது என்று எழுதுவார்கள். பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்தக் கர்வத்துக்குத் தீனி போடுகிற மாதிரி ஆஸ்பத்திரியிலிருந்தே ஒருநாள் கூப்பிட்டார்கள். பட்டியல் பிரிவு மேனேஜர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். எதையாவது எடுத்து எழுதி நான் பார்த்ததில்லை.

“ஜனங்க நம்பவே மாட்டேங்கிறாங்க மேடம். தினமும் கவுன்ட்டர்ல தகராறு. எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்குது, நாங்க கையே வைக்கிறதில்லன்னா காது குடுத்துக் கேக்கிறதில்ல. நீங்க உங்க கட்டையை வெச்சு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு படம் பண்ணிக் குடுங்க. ஹால் டிவில ஓடிட்டே இருக்கட்டும்.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. படத்தைச் செய்து முதலில் அக்காவின் மூக்குக்கு எதிரில் ஓட்டிக் காட்டி, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்கவேண்டும். கற்பனை எண்கள் வேண்டாம், நிஜப் பட்டியலை வைத்தே செய்கிறேன், பெயர் இல்லாமல் டோக்கன் எண்ணும் மதிப்பெண்ணும் மட்டும் வாரவாரியாகக் கொடுங்கள், வரிசைப்படுத்தும் விதியையும் கொடுங்கள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை, அன்றைக்கே அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டர் மேல் அவருக்கு என்னைவிட நம்பிக்கை.

ஆளுக்கு ஒரு கட்டை. மதிப்பெண் எவ்வளவோ அவ்வளவு உயரம். ஒரு வாரத்துக்கு ஒரு நொடி. புதிதாகப் பதிகிறவர் வரிசையின் தலைப்பக்கத்திலிருந்து வருவார். தன்னைவிட உயரமான கட்டையைத் தாண்டிப் போவார். உயரமில்லாத கட்டை எதிர்ப்பட்டதும் அதற்கு முன்னால் நின்றுகொள்வார். அவர்கள் கொடுத்த விதி அதுதான். திங்கட்கிழமை வந்ததும் தலையில் இருக்கும் பன்னிரண்டு கட்டைகள் மேலே எழும்பி மறையும். எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் கொடுத்து, நானூற்றுப் பதினெட்டுக்கு மட்டும் சிவப்பு கொடுத்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, நாற்காலியில் தலையணை போட்டு உட்காரவைத்தேன்.

“இப்பப் பாரு” என்று ஓடவிட்டேன்.

சிவப்புக் கட்டை உள்ளே வந்து பதினான்காவது இடத்தில் நின்றது. பன்னிரண்டு பேர் மறைந்தார்கள். சிவப்பு இரண்டாவது இடத்துக்கு வந்தது. அடுத்த வாரம் நிச்சயம் என்று எனக்கே நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு முன்னால் பதினாறு கட்டைகள் வந்து நின்றன. சிவப்பு பதினெட்டாவது. அதற்கடுத்த வாரமும் அதே கதை. முன்னால் வருகிறாள், புதியவர்கள் வந்து இறங்குகிறார்கள், பின்னால் போகிறாள். போகப்போக முன்னால் வருவதும் குறைந்தது. எழுபத்தெட்டாவது நொடியில் சிவப்புக் கட்டை எழுபத்தோராவது இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நானூத்திப் பதினெட்டு. அது நான்தானே?”

“ஆமா.”

“மறுபடி போடு.”

மறுபடி போட்டேன். மூன்றாவது நொடியிலேயே அவள் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

“இந்த எட்டு, ஒன்பதெல்லாம் முன்னாடி போறது சரி. அவங்களுக்கு அவசரம். இவங்க யாருடி? எனக்குப் பின்னாடி வந்து எனக்கு முன்னாடி நிக்கிறாங்களே. எல்லாம் என் உயரம்தானே இருக்காங்க?”

“ஏழுதான்.”

“எனக்கும் ஏழு.”

“ஆமாக்கா.”

“அப்ப ஏன்டி?”

பதினோரு வருஷமாக ஊர் உலகத்துக்கெல்லாம் விளக்கம் சொல்கிற எனக்கு அப்போதுதான் உறைத்தது. சமமாக இருந்தால் புதிதாக வருகிறவர் முன்னால் நின்றுவிடுகிறார். பழைய ஏழுகள் அடியில் போகின்றன. ஒவ்வொரு புதிய ஏழும் அக்காவை ஒரு படி கீழே அழுத்தியிருக்கிறது. ரேஷன் வரிசையில் ஒருவன் இப்படி நுழைந்தால் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். இங்கே ஒன்றரை வருஷமாக நடந்திருக்கிறது, எவனும் பார்க்கவில்லை. நானோ, பார்க்கச் சொன்னவளோடு சண்டை போட்டிருக்கிறேன்.

“கம்ப்யூட்டருக்குச் சிபாரிசு தெரியாதுன்னு சொன்னியே” என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா மேஜையைப் பிடித்து எழுந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் மேனேஜர் அறையில் இருந்தேன். உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் தள்ளினேன். முழுதும் பார்த்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்து ரசித்துப் பார்த்தார்.

“ரொம்ப அழகா வந்திருக்கு மேடம். அந்தச் சிவப்பு மட்டும் கொஞ்சம் கண்ணை உறுத்துது. எடுத்துடலாமா?”

“அந்தச் சிவப்பு என் அக்கா.”

“ஓ.” ஒரு பேனாவை எடுத்தார், மறுபடி பையில் செருகினார். “எல்லாரும் ஏழுதானே மேடம். எந்த ஏழு முன்னாடி போனா என்ன? எட்டு இருக்கும்போது ஏழு முன்னாடி போயிட்டாத்தானே தப்பு?”

“பின்னாடி வந்தவங்க முன்னாடி போறாங்க. உங்களுக்கு அது தெரியுதா இல்லையா?”

“கம்ப்யூட்டர் பண்றதுங்க. நான் என்ன பண்ண முடியும்?”

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது. வாசலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. இந்த விதியை எழுதினவரைக் கூப்பிடுங்கள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் போகமாட்டேன் என்றேன். அவர் போனை எடுத்தார்.

வந்தவர் என் வயதுப் பெண். இதே ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, வீட்டில் வீடியோ பார்த்துப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவராம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“மேடம், நீங்களா? வெளியிலயே குரல் கேட்டுது. இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கமேன்னு நினைச்சேன்.”

“இருக்கட்டும். இந்த விதியை எந்த மடையன் எழுதினான்?”

அவர் முகம் வாடியது. மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான்தான் எழுதினேன் மேடம். ஆனா உங்க வீடியோவைப் பார்த்துத்தான் எழுதினேன்.”

என் கண்முன்னாலேயே மேனேஜரின் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தார். தேடவேண்டிய வேலையே இல்லை, குறித்து வைத்திருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய என் குரல், இப்போதையதைவிட உற்சாகமாக, அந்த அறையில் பேசியது. “உன்னைவிட உயரமா இருக்கா? தாண்டு! உயரமா இல்லையா? அதுக்கு முன்னாடி நில்லு! அவ்வளவுதாங்க, இதுல ஒரு கம்பசூத்திரமும் இல்ல!” எட்டுக் கட்டைகள். மூன்று, எட்டு, ஒன்று, ஆறு, நான்கு, ஏழு, இரண்டு, ஐந்து. எல்லாம் வேறு வேறு உயரம்.

ஏன் வேறு வேறு என்பது எனக்குத்தான் தெரியும். ஒரே உயரத்தில் இரண்டு கட்டை வைத்தால் எது எது என்று பார்க்கிறவர்களுக்குக் குழம்பும். அதை விளக்க இன்னும் ஒரு நிமிஷம் ஆகும். மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். சமமான கட்டைகளைப் போடுவதே இல்லை. நான் செய்த நூற்றிருபது வீடியோவில் ஒன்றில்கூட இரண்டு கட்டை ஒரே உயரத்தில் கிடையாது.

“எழுதினதும் சோதிச்சுப் பார்க்கலையா?” என்றேன். என் குரல் இறங்கியிருந்தது.

“பார்த்தேன் மேடம். உங்க எட்டு நம்பரையே போட்டுப் பார்த்தேன். அப்படியே கரெக்டா வந்துது.”

வீடியோவுக்குக் கீழே முதல் கேள்வியாக யாரோ கேட்டிருந்தார்கள்: ‘ரெண்டு கட்டை ஒரே உயரமா இருந்தா என்ன ஆகும்?’ அதற்குக் கீழே என் பதில்: ‘ரெண்டும் ஒண்ணுதானே! எது முன்னாடி நின்னா என்ன?’ பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை. நாற்பது பேர் அந்தப் பதிலை விரும்பியிருந்தார்கள்.

மேனேஜர் குனிந்து படித்தார். “நானும் இதையேதான் சொன்னேன்” என்றார்.

அந்த ஆளை அறைந்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. கோபம் வெளியே போக வழியில்லாமல் என் மேலேயே திரும்பிக் கொதித்தது.

புரோகிராமர் பெண், ஒரே வரிதான், இப்போதே மாற்றிவிடலாம் என்றார். மேனேஜர் அவரைப் போகச் சொல்லி, கதவு மூடும்வரை காத்திருந்தார். மாற்றினால் பட்டியல் தலைகீழாகும், ஏன் மாறியது என்று நூறு பேர் வந்து நிற்பார்கள், இத்தனை நாள் நடந்ததற்குப் பதில் சொல்லவேண்டும், அடுத்த வருஷம் புதிய முறை வருகிறது, அப்போது சத்தமில்லாமல் சரியாகிவிடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க அக்கா விஷயம் வேற. பன்னெண்டு பேருக்கு மேல, பதிமூணாவதா வாரம் ஒரு இடம் இருக்கு மேடம். அது பட்டியல்ல வராது. என் பொறுப்புல இருக்கு. வர்ற திங்கக்கிழமையே கூட்டிட்டு வாங்க. நீங்க உங்க பழைய எட்டுக் கட்டையைப் போட்டு ஒரு நல்ல படம் பண்ணிக் குடுத்துடுங்க.”

கையே வைப்பதில்லை என்று சொன்ன ஆள்! அக்கா ஒன்றரை வருஷமாகச் சொன்ன சிபாரிசு இதோ, மூன்று பேனாவோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறது. என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார், அதையும் சிரித்துக்கொண்டே செய்கிறார்.

“முடியாது” என்றேன். “உங்க பதிமூணாவது இடத்தை நீங்களே வெச்சுக்குங்க. படம் வரும். சிவப்புக் கட்டையோடதான் வரும்.”

கதவை ஓங்கிச் சாத்தினேன். அது தானாக மெல்ல மூடுகிற கதவு. என் கோபத்தை வாங்கிக்கொண்டு ஆற அமர மூடியது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னியா? ஒரே அளவுல ரெண்டு பேரு சட்டை தைக்கக் குடுக்கிறாங்க. அளவு ஒண்ணுதானேன்னு இவன் சட்டையை அவனுக்குத் தூக்கிக் குடுத்துடுவேனா? மொதல்ல யாரு துணி குடுத்தாங்களோ அவங்களுக்குத்தான் மொதல்ல. இதைக்கூடவா உனக்குச் சொல்லிக் குடுக்கணும்?”

“தப்புதான்க்கா.”

“சரி, அப்புறம்?”

அப்புறத்தைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மேனேஜர் ஆசை காட்டியதையும், நான் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றதையும், சாத்திய கதவு ஆற அமர மூடியதையும்கூடச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வர்ற திங்கக்கிழமைன்னா சொன்னான்?”

“ஆமா.”

“நீ முடியாதுன்னுட்ட.”

“பின்ன? அந்த மாதிரி ஆளுகிட்டப் போய்…”

“யாரோட காலுடி அது?”

நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

“ராத்திரி புரண்டு படுக்க முடியாம கிடக்கிறவ நான். பாத்ரூம் போக சுவரைப் பிடிச்சிட்டுப் போறவ நான். உன் வீடியோவால கெட்டுது, அதுக்கு என் காலை வெச்சு நீ நல்லவளாயிட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா? போன் இல்லையா உன்கிட்ட?” அவள் கத்தவில்லை. எங்கள் வீட்டில் கத்தாமல் இருந்தால்தான் பயம். “போ, போய் உன் கட்டையை நகர்த்து” என்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பேசியதில் எந்தச் சொல்லையும் என்னால் தள்ள முடியவில்லை. சமையலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜருக்குப் போன் போட்டேன். நான் யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே செய்துவிடலாம், திங்கட்கிழமை அக்காவைக் கூட்டி வருகிறேன் என்றேன். இந்த வாயாலேயே சொன்னேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினேன், அவள் காதில் விழக்கூடாது என்று.

“அடடா, அப்பவே வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சே மேடம்” என்றார் அவர்.

அதற்கப்புறம் எனக்குப் படத்தைச் செய்வதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பகல் முழுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டையிலும் அதன் டோக்கன் எண்ணைப் பெரிதாக எழுதினேன். அடியில் தேங்கிக் கிடந்த பழைய ஏழுகள் அத்தனைக்கும் சிவப்புக் கொடுத்தேன். தொண்ணூற்று மூன்று சிவப்புக் கட்டைகள். திங்கட்கிழமைதோறும் பன்னிரண்டு பேர் போனதும், திரைக்கு வெளியிலிருந்து பதிமூன்றாவதாக ஒரு கட்டை குதித்து வந்து மேலே போகும்படி செய்தேன். அதற்கு எண் இல்லை, உயரமும் தெரியாது. கடைசியில் என் குரலில் சொன்னேன்: “சமமா இருக்கிறவங்கள்ல யார் முன்னாடி வந்தாங்கன்னு பார்க்க இந்த விதியில இடமில்ல. இந்த விதியைத் தப்பா சொல்லிக் குடுத்தது நான்தான்.” புரோகிராமர் பெண்ணுக்கு அனுப்பினேன். ஹால் டிவியில் என்ன ஓடவேண்டும் என்று போடுகிறவரே அவர்தான். பார்த்துவிட்டு, “வேலை போனாலும் பரவாயில்ல மேடம்” என்று ஒரு வரி எழுதினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹால் நிரம்பியிருந்தது. ஊன்றுகோல், சக்கர நாற்காலி, துணைக்கு வந்தவர்களின் பை, ஃபைல். நான் பின் சுவரோரமாக நின்றேன். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். டிவியில் கட்டைகள் நகர ஆரம்பித்தபோது யாரும் நிமிரவில்லை. யாரோ ஒருவர் தன் எண்ணைப் பார்த்துவிட்டு பக்கத்து ஆளை இடித்தார். அப்புறம் ஒவ்வொருவராகக் கையிலிருந்த டோக்கனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சத்தம் அடங்கியது. மூன்றாவது முறை ஓடும்போது, காக்கிக் கால்சட்டை போட்ட ஒரு பஸ் டிரைவர் ஊன்றுகோலை ஊன்றி டிவிக்குக் கிட்டே போனார். வரிசையின் ஆகக் கடைசிச் சிவப்புக் கட்டையின் மேல் விரலை வைத்தார்.

“இது நான். மூணு வருஷம். எனக்கப்புறம் வந்து ஆபரேஷன் முடிச்சிட்டு நடந்து போனவங்களை இதே பெஞ்சுல உக்காந்து எண்ணியிருக்கேன். நம்மகிட்டதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்.”

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு ஆசைதான். மேனேஜரின் மூன்று பேனாவும் தரையில் உருண்டன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மேலதிகாரிகள் வந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், பூசி மெழுகப் பார்த்தார்கள், ஹால் நகரவில்லை. மூன்றாம் நாள் விதி மாறியது. பதிமூன்றாவது இடம் ஒழிந்தது. விதியை மாற்ற எவ்வளவு நேரம் ஆனது என்று புரோகிராமர் பெண்ணைக் கேட்டேன். அரை நிமிஷம் என்றார். தொண்ணூற்று மூன்று பேரின் வருஷங்களுக்கு அரை நிமிஷம்.

புதிய பட்டியலில் அக்கா ஏழுகளில் இருபத்து மூன்றாவது. அவளுக்கு முன்பே வந்து அடியில் கிடந்தவர்கள் இருபத்திரண்டு பேர், அவர்கள் முதலில் போவதுதான் நியாயம். எட்டும் ஒன்பதும் போக வாரத்துக்கு மூன்று ஏழுகள் போகும். எட்டு வாரம். டாக்டர் சொன்ன ஆறில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. நான் போட்ட கணக்கை அவளிடம் சொல்லவில்லை, அவளே போட்டு வைத்திருந்தாள்.

ஆறாவது வாரம் ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிண்ணம் உடைந்துவிட்டது. படுத்தால்தான் எட்டு என்றார்களே, படுத்தாயிற்று. எட்டு போட்டார்கள், அடுத்த திங்கட்கிழமையே கூப்பிட்டார்கள். ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. முடிந்தபோது வலது கால் இரண்டு விரற்கடை குட்டை. இனி மெஷினை இடது காலால்தான் மிதிக்கவேண்டும் என்றார்கள்.

ஆபரேஷன் ஆன பத்தாம் நாள் அவளை வார்டு நடையில் நடக்கவைத்தேன். ஒரு கை கைப்பிடிச் சட்டத்தில், ஒரு கை என் தோளில். இத்தனை வாரமும் தண்ணீர் குடு, மாத்திரை குடு என்பதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் அந்த டிரைவர் வந்தார், பரிசோதனைக்கு வந்திருப்பார் போல. ஊன்றுகோல் இல்லை. எங்களைத் தெரியாது அவருக்கு, ஒதுங்கி வழி விட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அக்கா நின்று திரும்பிப் பார்த்தாள்.

“மூணு வருஷம் காத்திருந்தாருன்னு சொன்னியே, அவரா?”

“அவருதான்.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். என் தோளில் அவள் கை கனமாக அழுத்தியது.

“நீ அவன்கிட்ட முடியாதுன்னு சொன்னது சரிதான். என்னைக் கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்” என்றாள். “ஆனா நீ கேக்கலையே.”

அடுத்த அடியை எடுத்து வைத்தாள். நானும் கூடவே நடந்தேன். அன்றைக்கே சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஆளுக்குப் போன் போட்டுச் சரி என்று சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அதையும் அவளைக் கேட்காமல்தான் செய்தேன்.